ஊர்ப் பள்ளிக்கொடத்துல 31 பிள்ளைங்க: படிப்பு நல்லா நடக்குதான்னு எதை வெச்சுப் பார்க்கிறது?

நொய்யல்கரை:
வணக்கங்க. காங்கேயம் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. 1-லிருந்து 5 வரைக்கும் மொத்தம் 31 பிள்ளைங்க, தலைமையாசிரியரோட சேர்த்து ரெண்டே டீச்சருங்க. வர்ற வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். அஞ்சாம் வகுப்புச் சராசரி போன பருவம் 73 இருந்துச்சு, இப்ப 64-க்கு இறங்கிருச்சுன்னு பாதிப் பெத்தவங்க பிள்ளைங்களைத் தனியார் பள்ளி மஞ்ச வேன்ல ஏத்தற பேச்சை ஆரம்பிச்சுட்டாங்க. குழுவுல இருக்கறவங்க தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போறவங்கதான், டீச்சர் வேலை தெரிஞ்சவங்க யாரும் இல்லீங்க. பள்ளி எப்படி நடக்குதுன்னு எதைப் பார்த்தாத் தெரியும்? ஒரு மணி நேரத்துல பார்த்து முடிக்கற மாதிரி சொல்லுங்க.

ஈராசிரியர்:
முதல்ல அந்த 73-ம் 64-ம் எப்படி வந்துச்சுன்னு பாருங்க. அஞ்சாவதுல 5 பிள்ளைங்க இருந்தாங்கன்னு வெச்சுக்குவோம். மார்க் 80, 75, 72, 70, 68. சராசரி 73. நடுவுல வெளியூர்ல இருந்து ஒரு பையன் வந்து சேர்றான், தமிழ் எழுதவே தெரியாது, 20 மார்க் எடுக்கறான். மொத்தம் 385, ஆறால வகுத்தா 64. பழைய அஞ்சு பேர்ல ஒருத்தருக்குக்கூட ஒரு மார்க் குறையல. 200 பிள்ளைங்க இருக்கற பள்ளியில இந்தப் பையன் வந்தது சராசரியில தெரியவே தெரியாது. சின்னப் பள்ளியில சராசரிங்கறது ஒரு பிள்ளையோட வரவு போக்கைத்தான் காட்டும், டீச்சரோட வேலையைக் காட்டாது.

தலைமையாசிரியர்கிட்ட மார்க் லிஸ்ட் கேக்காதீங்க. 31 பேரோட பேரையும் எழுதி, ஜூன் மாசம் எந்த நிலையில இருந்தாங்க, இப்ப எந்த நிலைன்னு பக்கத்துல ரெண்டு கட்டம் போட்டுக் கேளுங்க. 2022-23-ல எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததுல இருந்தே கீழ இருந்து மேல அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை பிரிச்சு வெச்சிருப்பாங்க. மூணாவது படிக்கற பிள்ளை ஜூன்லயும் அரும்பு, டிசம்பர்லயும் அரும்புன்னா அங்கதான் கேள்வி கேக்கணும். அரும்புல இருந்து மொட்டுக்கு வந்திருந்தா, மார்க் 40-ன்னு இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு வேலை நடந்திருக்குன்னு அர்த்தம்.

அரும்புமொட்டு:
ஈராசிரியர் சார் சொன்னது சரி. ஆனா அந்தக் கட்டத்துல எழுதினதையும் கண்ணை மூடிட்டு நம்ப வேண்டாம். பிள்ளைங்களை நேரா வாசிக்கச் சொல்லிப் பாருங்க. 31 பேருக்கும் தலா ரெண்டு நிமிசம் போதும்.

பாடப் புத்தகத்தைக் குடுத்தீங்கன்னா பாதிப் பேர் படத்தைப் பார்த்தே ஒப்பிச்சிருவாங்க. கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருக்கும். அதுனால பார்க்காத பத்தி ஒண்ணு வேணும். நீங்களே பெரிய எழுத்துல அஞ்சாறு வரி எழுதிட்டுப் போங்க: சந்தைக்குப் போனது, கோழி வாங்குனது, வெங்காயம் வெலை ஏறுனது, இப்படி எதுவானாலும் சரி. முழுசா வாசிச்சதும் நடுவுல ஏதாவது ஒரு சொல்லு மேல விரலை வெச்சு, ‘இது என்ன கண்ணு?’ன்னு கேளுங்க. அடுத்து, ‘கோழி எங்க வாங்குனாங்க?’ன்னு ஒரு கேள்வி. சொல்லைப் படிச்சு, அர்த்தமும் சொன்னாத்தான் அது வாசிப்பு.

எங்க தடுக்குதுன்னும் குறிச்சுக்குங்க. தமிழ்ல ெ, ே, ை மூணும் எழுத்துக்கு முன்னாடி நிக்குது, ஆனா சத்தம் பின்னாடிதான் வருது. ொ, ோ ரெண்டும் எழுத்தோட ரெண்டு பக்கமும் நிக்குது. இது புரியாத பிள்ளை ‘கொக்கு’ங்கறதை ‘கெ… கா… க்கு’ன்னு துண்டு துண்டாப் படிக்கும். கொம்பு நெடிலா குறிலான்னு தெரியாம ‘வெங்காயம்’ங்கறதை ‘வேங்காயம்’னு படிக்கும். இந்தப் பிள்ளைக்கு மறுபடியும் அ, ஆ-ல இருந்து ஆரம்பிக்கறது வீண் வேலை. அதுக்கு உயிர்மெய்யில இந்த ஒரு வரிசைதான் பிரச்சினை. கெ-கே, கொ-கோ, செ-சே, சொ-சோன்னு சோடி சோடியா அட்டை எழுதி, ஒரு நாளைக்குப் பத்து நிமிசம், மூணு வாரம் குடுத்தா வெலகிரும். ரெண்டாவது முடிக்கறதுக்குள்ள இதைச் சரி பண்ணாட்டி, நாலாவதுல சமூக அறிவியல் பாடம் முழுக்க சுவரைப் பார்க்கற மாதிரி ஆயிரும் பிள்ளைக்கு.

ர-ற, ல-ள-ழ குழப்பம் வேற சமாச்சாரம். வாசிப்புல அதைப் பெருசா எடுக்காதீங்க, எழுதி எழுதித்தான் அது வரும்.

இன்னொரு கணக்கையும் கூட்டத்துல சொல்லுங்க. தெனமும் ஒவ்வொரு பிள்ளையும் டீச்சர் பக்கத்துல நின்னு ரெண்டு நிமிசம் சத்தமா வாசிச்சா, 31 பேருக்கு 62 நிமிசம். ரெண்டு டீச்சர் பிரிச்சுக்கிட்டா ஆளுக்கு அரை மணி நேரம். 45 பேர் இருக்கற வகுப்புல ஒத்தை டீச்சரால ஒண்ணரை மணி நேரத்தை இதுக்குன்னே ஒதுக்க முடியாது. சின்னப் பள்ளிக்கு இருக்கற பெரிய பலமே இதுதான். உங்க பள்ளியில இது நடக்குதான்னு கேளுங்க. நடக்கலைன்னா பலத்தைப் பரண்ல போட்டு வெச்சிருக்கோம்.

கணக்குவாத்தி:
கணக்குக்கு நாலாவது, அஞ்சாவது பிள்ளைங்ககிட்ட ஒரே ஒரு கழித்தல் குடுத்தாப் போதுங்க: 402-ல இருந்து 178. சரியான விடை 224. தப்பு விடையைத்தான் நல்லாப் பார்க்கணும்.

376-ன்னு எழுதினா, அந்தப் பிள்ளை மேல கீழன்னு பார்க்காம ஒவ்வொரு எடத்துலயும் பெருசுல இருந்து சின்னதைக் கழிச்சிருக்கு. கடன் வாங்கறதுன்னா என்னன்னே தெரியல. 334-ன்னு எழுதினா, கடன் வாங்கத் தெரியுது, குடுத்த எடத்துல கொறைக்கத் தெரியல. 234-ன்னா, நூறுல ஒண்ணு கொறைச்சிருச்சு, ஆனா பத்தாம் எடத்துல இருந்து ஒண்ணை ஒன்றாம் எடத்துக்குக் குடுத்ததை மறந்துட்டு, 9 நிக்க வேண்டிய எடத்துல 10-ன்னே வெச்சிருச்சு. மூணு பிள்ளைக்கும் பேப்பர்ல சுழி ஒரே மாதிரிதான் விழும், வைத்தியம் மூணு வேற.

மூணுக்குமே தென்னை ஈர்க்குச்சி போதும். பத்துப் பத்தா ரப்பர் போட்டுக் கட்டி, பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு பெரிய கட்டு. 402-ன்னா நாலு பெரிய கட்டு, ரெண்டு ஒத்தைக் குச்சி, நடுவுல ஒண்ணுமில்ல. 8 குச்சி எடுக்கணும், ரெண்டுதான் இருக்கு. பத்துக் கட்டும் இல்ல. அப்ப பெரிய கட்டை அவுக்கணும், அதுல பத்துச் சின்னக் கட்டு வரும், ஒன்பதை அங்கயே விட்டுட்டு ஒண்ணை அவுக்கணும். பிள்ளை கையால அவுத்தாத்தான் அந்த 9 எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியும். கரும்பலகையில மேல கோடு போட்டுச் சொல்லிக் குடுத்தா அடுத்த வாரம் மறந்திரும்.

வகுத்தலுக்கு 816-ஐ 8-ஆல வகுக்கச் சொல்லுங்க. 12-ன்னு வந்தா எடமதிப்பு இன்னும் நிக்கல. இந்தப் பிள்ளை இப்படியே ஆறாவது போனா தசமம், பின்னம் எதுவும் ஏறாது. ஒன்பதாவதுல ‘கணக்கு வராத பிள்ளை’ன்னு ஒதுக்கி வைக்கற பாதிப் பேர் இந்த 12-ல நின்னவங்கதான்.

நொய்யல்கரை:
நெம்ப நன்றிங்க. இவ்வளவு வெவரமாக் கேட்டதே இல்ல. ஒரு சந்தேகம் டீச்சர். தெனம் வாசிக்க வைக்கறதுக்கு டீச்சர் பள்ளியில இருக்கணுமில்லீங்க? மாசத்துல பல நாள் ஒருத்தர் கூட்டம், பயிற்சின்னு போயிடறாங்க. அன்னிக்கு அஞ்சு வகுப்பும் ஒரே எடத்துல.

ஈராசிரியர்:
அதுதான் ஈராசிரியர் பள்ளியோட முதல் நோய். குறுவள மையப் பயிற்சி, வட்டார வள மையக் கூட்டம், எமிஸ் (பள்ளி, பிள்ளைங்க விவரம் ஏத்தற அரசு இணையதளம்) பதிவு, நலத்திட்டப் பொருளை எடுத்துட்டு வர்றது, வாக்காளர் பட்டியல் வேலை, எல்லாமே இருக்கற ரெண்டு பேர் தலையிலதான். பத்து டீச்சர் இருக்கற பள்ளியில ஒருத்தர் போனா பத்துல ஒரு பங்கு நட்டம். இங்க சரி பாதி.

குழு செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. ஒரு நோட்டுப் போட்டு, ரெண்டு டீச்சரும் சேர்ந்து பள்ளியில இருந்த நாள் எத்தனைன்னு மாசா மாசம் குறிங்க. டீச்சரைக் குத்தம் புடிக்கறதுக்கில்ல. கல்வி உரிமைச் சட்டத்துல தொடக்க வகுப்புக்கு வருசத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம்னு இருக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் வேலை தவிர மத்த வெளி வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாதுன்னு 27-ஆம் பிரிவு சொல்லுது. ஆறு மாசக் கணக்கைத் தீர்மானத்தோட வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பினா, ‘பயிற்சிக்கு ரெண்டு பேரையும் ஒரே வாரத்துல கூப்பிடாதீங்க’ன்னு கேக்கறதுக்குக் கையில ஆதாரம் இருக்கும்.

ஒத்தை ஆளா இருக்கற நாளுக்குன்னு தனிக் கால அட்டவணை முன்கூட்டியே எழுதி ஒட்டியிருக்கணும். காலையில முதல் ஒரு மணி நேரம் அஞ்சு வகுப்பும் சோடி வாசிப்பு: அஞ்சாவது பிள்ளை ரெண்டாவது பிள்ளை பக்கத்துல, நாலாவது பிள்ளை ஒண்ணாவது பிள்ளை பக்கத்துல. பெறகு 4, 5-க்கு எழுத்து வேலை குடுத்துட்டு 1, 2, 3-க்கு வாய்ப்பாடம். 25 நிமிசத்துல மாத்திக்கணும். எழுத்து வேலைங்கறது ‘பாடத்தைப் பார்த்து எழுது’ன்னு இருந்தா பத்து நிமிசத்துல சத்தம் கெளம்பும். விடை பின்பக்கம் இருக்கற கணக்கு அட்டை, அவங்களே திருத்திக்கற மாதிரி இருந்தாத்தான் 25 நிமிசம் ஓடும். 2007-ல செயல்வழிக் கற்றல் வந்தப்ப குடுத்த அட்டைங்க சில பள்ளி பீரோவுல இன்னும் கெடக்கும். எடுத்துத் தூசி தட்டுங்க.

இன்னொண்ணு, ஆகஸ்ட் 1. அன்னிக்கு எமிஸ்ல இருக்கற எண்ணிக்கையை வெச்சுத்தான் பணியாளர் நிர்ணயம். 60 பிள்ளை வரைக்கும் ரெண்டு ஆசிரியர், 61 ஆனா மூணு, 91 ஆனா நாலு. 58-ல நிக்கற பள்ளிக்கு மூணு பிள்ளை பெரிய விசயம். உங்க 31-க்கு இப்போதைக்கு மூணாவது டீச்சர் சட்டப்படி கெடைக்காது. இருக்கற ரெண்டு பேரோட நேரத்தைக் காப்பாத்தறதுதான் வழி.

வேப்பமரத்தடி:
எல்லாம் சரிங்க. ஆனா பெத்தவங்க வேனைத் தேடறது சராசரிக்காக இல்ல, இங்கிலீஷுக்காக. ஆங்கில வழி ஆரம்பிச்சாலே பாதிப் பிள்ளை நிக்கும். அதைப் பத்தி யாரும் பேசலையே?

ஈராசிரியர்:
பேசலாங்க. 2012-13-ல இருந்து அரசுப் பள்ளியில ஆங்கில வழிப் பிரிவு ஆரம்பிச்சாங்க. ரெண்டு டீச்சர் இருக்கற பள்ளியில ஏற்கெனவே அஞ்சு வகுப்பு. ஆங்கில வழியும் சேர்ந்தா காகிதத்துல பத்து வகுப்பு. நடைமுறையில என்ன ஆகும்? ரெண்டு புத்தகத்தையும் வெச்சுக்கிட்டுத் தமிழ்லதான் பாடம் நடக்கும், பரீட்சைக்கு மட்டும் இங்கிலீஷ் விடையை எழுதிப்போட்டு மனப்பாடம். பிள்ளைக்குத் தமிழ் வாசிப்பும் முழுசா நிக்காது, இங்கிலீஷும் வராது.

வேப்பமரத்தடி:
மறுக்கலீங்க சார். ஆனா ‘இங்கிலீஷ் வேண்டாம்’னு சொன்னா பள்ளியே இருக்காது. 31 அடுத்த வருசம் 19 ஆகும். அதுக்கு வழி சொல்லுங்க.

அரும்புமொட்டு:
வழி இருக்கு. தமிழ் வழியை மாத்தாம இங்கிலீஷ் பாடத்தைப் பெலமாக்கறது. ஒண்ணாவதுல இருந்தே தெனம் 20 நிமிசம் வாய்ப் பேச்சு மட்டும்: கதவைத் தொற, ரெண்டு புத்தகம் எடுத்துட்டு வா, மழை பெய்யுதான்னு பாருன்னு டீச்சர் இங்கிலீஷ்ல சொல்ல, பிள்ளை செய்யணும். ரெண்டாவதுல எழுத்தோட சத்தம். எழுத்தோட பேரு வேற, சத்தம் வேறங்கறது நம்ம பிள்ளைக்குப் புதுசு, ஏன்னா தமிழ்ல ரெண்டும் ஒண்ணு. மூணாவதுக்குள்ள மூணெழுத்துச் சொல்லைத் தானாக் கூட்டிப் படிக்க வந்துட்டா, பொழுதோட ஊட்டுல பிள்ளை சத்தமா வாசிக்கறது பெத்தவங்க காதுக்குக் கேக்கும். வேன் பேச்சு அதுல பாதி கொறையும். மாசத்துக்கு ஒரு தடவை கூட்டத்துல நாலு பிள்ளைங்களைப் பேச வைங்க.

பல்லடம் ரோடு:
முதல்ல சொன்ன அந்த 20 மார்க் பையனைப் பத்திக் கொஞ்சம். திருப்பூர், அவிநாசி, பல்லடம், பெருந்துறைப் பக்கம் இப்ப இது எல்லாப் பள்ளியிலயும் உண்டு. ஒடிசா, பீகார், உ.பி., வங்காளத்துப் பிள்ளைங்க. டிசி இல்ல, பிறந்த சான்றிதழ் இல்லன்னு சில எடத்துல திருப்பி அனுப்பறாங்க, அது சட்டப்படி தப்பு. வயசுக்கேத்த வகுப்புல சேர்க்கணும், டிசி வர்றது தாமதம்ங்கறதைக் காரணம் காட்டிச் சேர்க்காம விடக் கூடாது.

சேர்த்ததுக்கப்புறம் நடக்கற தப்பு என்னன்னா, முதல் நாளே அ, ஆ எழுத வைக்கறது. பிள்ளைக்குத் தமிழ்ச் சத்தமே காதுல ஏறியிருக்காது. முதல் ஆறு வாரம் பேச்சு மட்டும். வாய் ஓயாத தமிழ்ப் பிள்ளை பக்கத்துல உக்கார வைங்க, டீச்சரைவிட அது சீக்கிரம் சொல்லிக் குடுக்கும். எழுத்து ஆரம்பிக்கறப்ப இந்தி தெரிஞ்ச பிள்ளைக்கு ஒரு தனிச் சிக்கல்: அவங்களுக்கு க-வுக்கு நாலு எழுத்து, நமக்கு ஒண்ணு. ‘கடல்’லயும் ‘தங்கம்’லயும் ஒரே எழுத்து ரெண்டு சத்தம் குடுக்குது. விதியாச் சொன்னா ஏறாது. ‘தங்கம், சிங்கம், சங்கு’ன்னு கூட்டமா வாயால சொல்ல வெச்சுட்டு அப்பறம் எழுத்தைக் காட்டணும்.

கணக்கு அந்தப் பிள்ளைக்கு நல்லாவே வரலாம். கேள்வி தமிழ்ல இருக்கறதுனால சுழி வாங்கும். எண்ணை மட்டும் வெச்சுக் கேட்டுப் பாருங்க, அதுக்கப்புறம் மட்டம்னு முடிவு பண்ணுங்க.

தீபாவளிக்கும் ஹோலிக்கும் ஊருக்குப் போற குடும்பம் திரும்பி வராமலும் போகலாம். எமிஸ்ல பேரைப் பொதுத் தொகுப்புக்கு (வேற பள்ளி எடுத்துச் சேர்த்துக்கற பட்டியல்) அனுப்பாம வெச்சிருந்தா அந்தப் பிள்ளை வேற ஊர்ப் பள்ளியில சேர முடியாம நிக்கும். ஃபோன் போட்டுக் கேட்டுட்டு உடனே விடுவிச்சுருங்க.

கடம்பூர் மலை:
மலையில இதே கதை வேற மாதிரி. தாளவாடிப் பக்கம் ஊட்டுல கன்னடம், பள்ளியில தமிழ். வாசிப்புல பின்தங்கறதுக்குப் பாதிக் காரணம் இதுதான், ‘மந்தம்’னு முத்திரை குத்தாதீங்க. அதோட வருகைப் பதிவைத் தனியாப் பாருங்க. கரும்பு வெட்டுக்குக் குடும்பமாக் கீழ எறங்கினா ரெண்டு மூணு மாசம் பிள்ளை வராது.

நொய்யல்கரை:
வருகைன்னதும் ஞாபகம் வருதுங்க. எங்க பக்கமும் தை மாசம் வகுப்பு காலியாத்தான் கெடக்கும். பொங்கல், பூப்பறிக்கற நோம்பி, அப்பறம் பழனிக்கு நடை.

ஈராசிரியர்:
அதை மாத்த முடியாது, திட்டம் போட்டுக்கலாம். தைப்பூசம் முடியற வரைக்கும் புதுப் பாடம் எடுக்காம, முன்ன நடத்துனதைத் திருப்பிப் பார்க்கற வேலையை வைங்க. திங்கக்கிழமைதோறும் வராத பிள்ளை இருக்கான்னும் பாருங்க. மாசத்துல நாலு திங்கள் போனா வருகை எண்பது சதத்துக்கு மேல இருந்தாலும், வார ஆரம்பத்துல நடத்துற கணக்குப் பாடம் அத்தனையும் அந்தப் பிள்ளைக்குப் போச்சு.

கணக்குவாத்தி:
நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி வெச்சிருக்கற ஊர்க்காரங்களும் படிப்பாங்கங்கறதுனால என்எம்எம்எஸ் (எட்டாவதுல எழுதற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு) பத்திச் சொல்லிடறேன். எட்டாவதுல 8 பேர் படிக்கற பள்ளியில இதை எழுத வைக்காம விடறது பெரிய நட்டம். ஜெயிச்சா 9-லிருந்து 12 வரைக்கும் வருசம் 12,000, மொத்தம் 48,000 ரூபாய். குடும்ப வருமானம் வருசம் 3.5 லட்சத்துக்குள்ள, ஏழாவதுல 55 சதம் (எஸ்சி, எஸ்டிக்கு 5 சதம் சலுகை).

மனத்திறன் 90 கேள்வி, படிப்புத் திறன் 90 கேள்வி, தாளுக்கு 90 நிமிசம். ரெண்டு தாளும் சேர்த்து 40 சதம், அதாவது 180-க்கு 72 மார்க் குறைஞ்சது வேணும். எஸ்சி, எஸ்டிக்கு 32 சதம். தப்புக்கு மார்க் குறைக்க மாட்டாங்க, அதுனால ஒரு வட்டத்தையும் வெறுமனே விடக் கூடாது. படிப்புத் திறன்ல அறிவியலும் சமூக அறிவியலும் தலா 35, கணக்கு 20. பல பேர் கணக்கையே போட்டு உருட்டிட்டு சமூக அறிவியல்ல விட்டுடறாங்க. மனத்திறன்ல எண் தொடர், ஒப்புமை, குறியீடு, கண்ணாடிப் பிம்பம், வென் படம். ஜூலையில ஆரம்பிச்சு தெனம் அஞ்சு கேள்வி கரும்பலகையில எழுதிப் போட்டு, காலை வழிபாட்டுக்கு முன்ன விடை சொல்ல வெச்சாப் போதும். கடைசி ஒரு மாசம் மட்டும் நேரம் வெச்சு முழுத் தாள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிசம்ங்கறது கைக்குப் பழகணும்.

ஜெயிச்ச பிள்ளைக்குப் பணம் வராம நிக்கறது பெரும்பாலும் பேருனாலதான். ஆதார்ல தலைப்பெழுத்து முன்னால, எமிஸ்ல பின்னால, பாஸ்புக்ல தலைப்பெழுத்தே இல்ல. ஏழாவதுலயே மூணையும் ஒண்ணாக்கிருங்க. கணக்கு ஆதாரோட இணைஞ்சிருக்கணும். ஒன்பதாவதுல புது விண்ணப்பம், 10, 11, 12-ல ஒவ்வொரு வருசமும் புதுப்பிக்கணும். பத்தாவதுல 60 சதம் எடுத்தாத்தான் தொடரும், எஸ்சி, எஸ்டிக்கு 55.

வேப்பமரத்தடி:
பத்தாவது பத்தியும் சொல்லுங்க வாத்தியாரே. 2024-ல ப்ளஸ் டூ தேர்ச்சியில திருப்பூர் 97.45 சதத்தோட முதல், ஈரோடு 97.42. இந்தப் பேரைக் காப்பாத்தணும்னு சின்ன உயர்நிலைப் பள்ளி மேல பாரம் ஏறுது. 14 பேர் எழுதற பள்ளியில ஒருத்தன் விட்டா 7 சதம் போச்சு.

கணக்குவாத்தி:
அந்தப் பாரத்துனாலதான் ஒன்பதாவதுலயே ‘டிசி வாங்கிக்க’ன்னு சாடைமாடையாச் சொல்றது நடக்குது. அது எந்தப் பள்ளியா இருந்தாலும் குழு விடக் கூடாது. எட்டாவது வரைக்கும் முழுத் தேர்ச்சின்னு ஏத்தி விட்ட பிள்ளையை ஒன்பதாவதுல கழட்டி விடறது நம்ம பாவம்.

கணக்குல 35 வாங்க வைக்கறது முடியாத வேலை இல்ல. தாள்ல 14 ஒரு மார்க், 2 மார்க்ல பத்து, 5 மார்க்ல பத்து, கடைசியில வடிவியல் 8, வரைபடம் 8. வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16. வடிவியல்ல வடிவொத்த முக்கோணம், உச்சிக்கோணம் குடுத்து முக்கோணம், தொடுகோடு, மொத்தமே இந்த மூணு வகை. ஒரு மார்க்ல பத்து வாங்கினா 26. மிச்சம் 9-க்கு 2 மார்க் கணக்கு அஞ்சு.

வரையறதுல மார்க் போறதுக்குக் காரணம் பாதி நேரம் அறிவே இல்ல, கவராயம். திருகு லூசா இருந்தா வில்லு போடறப்பவே ஆரம் விரியும், ரெண்டு வில்லும் வெட்டற எடம் ரெண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போகும், பிள்ளை தன் மேல தப்புன்னு நெனைச்சு அழிச்சு அழிச்சுக் கிழிச்சிரும். தாள்ல ஒரு முழு வட்டம் போடச் சொல்லுங்க. ஆரம்பிச்ச எடத்துலயே வந்து சேரலைன்னா திருகை இறுக்குங்க, இல்ல வேற மாத்துங்க. பென்சிலும் முள்ளும் ஒரே மட்டத்துல இருக்கணும்.

அறிவியல்ல எழுத்துத் தாள் 75-க்கு 20, செய்முறை 25-க்கு 15, ரெண்டும் தனித்தனியா வேணும். செய்முறை நாளன்னிக்கு வராம இருந்துட்டா எழுத்துல என்ன எடுத்தாலும் தேர்ச்சி இல்ல. அந்த ஒரு நாளைக்குப் பிள்ளையை ஊட்டுக்கே போய்க் கூட்டிட்டு வாங்க.

ஆனா இந்த 35 வழி, டிசம்பர் வரைக்கும் முயற்சி பண்ணியும் வராத பிள்ளைக்கு மட்டும். ஜூன்ல இருந்தே மொத்த வகுப்புக்கும் இதைக் குடுத்தா, 70 எடுக்க வேண்டிய பிள்ளையும் 45-ல நிக்கும். ப்ளஸ் ஒன்ல கணக்குப் பிரிவு எடுத்துட்டு முதல் மாசமே தெணறும்.

அரும்புமொட்டு:
மார்க்கோடயே நின்னுட்டோம். பிள்ளைங்க அங்க எப்படி இருக்காங்கன்னும் பார்க்கணுங்க. பொழுதோட ஊட்டுக்கு வர்ற தண்ணி பாட்டிலைப் பாருங்க. பொம்பளப் பிள்ளைங்க பாட்டில் தெனம் பாதிக்கு மேல மிச்சமா வந்தா, கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணி குடிக்காம இருக்குன்னு அர்த்தம். கூட்டத்தன்னிக்கு 11 மணி இடைவேளையில நீங்களே கழிப்பறைக் குழாயைத் தொறந்து பாருங்க. தொட்டியில தண்ணி காலையில நெரப்பறாங்களா, கதவுக்கு உள் தாழ்ப்பாள் இருக்கா, சாவி யார்கிட்ட. மதியத்துக்கு மேல தலைவலின்னு படுக்கற பிள்ளைங்க பாதிக்கு இதுதான் மருந்து.

காலை உணவு 2023 ஆகஸ்டுல இருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துருச்சு. தறி ஷிப்ட்டுக்குப் போற ஊட்டுப் பிள்ளைங்களுக்கு அது பெரிய வரம். நேரத்துக்கு முடியுதா, உப்புமாவோட சாம்பார் வருதா, கடைசியா வர்ற பிள்ளைக்கும் மிச்சம் இருக்கான்னு ஒரு நாள் சொல்லாமப் போய்ப் பாருங்க.

ஒரு வகுப்புல ரெண்டு பேர், அதுல ஒரே ஒரு பொம்பளப் பிள்ளைன்னா வெளையாடத் துணை இருக்காது. கபடிக்கு ஏழேழு பேர் சேராது. வயசு கலந்து ரெண்டு அணியா வருசம் முழுக்கப் பிரிச்சு வெச்சா எல்லாருக்கும் ஒரு கூட்டம் கெடைக்கும். பக்கத்து ரெண்டு பள்ளியோட மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை சேர்ந்து வெளையாடுங்க.

அப்பறம் அஞ்சாவது முடிச்சுப் போறது. ஆறு பேரோட உக்காந்த பிள்ளை திடீர்னு 40 பேர் வகுப்புல, பாடத்துக்கு ஒரு டீச்சர், மணி அடிச்சா ஆள் மாறறது. நல்லாப் படிச்ச பிள்ளையே முதல் பருவத்துல வாய் தொறக்காது. ஏப்ரல்லயே அஞ்சாவது பிள்ளைங்களை அந்தப் பள்ளிக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போய் ஒரு பீரியடு உக்கார வைங்க. அந்த 31 பேர் லிஸ்ட்டுல இவங்க வரியை ஆறாவது வகுப்பாசிரியர் கையில குடுங்க.

பல்லடம் ரோடு:
ஆறாவதுக்கு எங்க அனுப்பறதுங்கறதையும் பெத்தவங்ககிட்டச் சொல்லுங்க. மருத்துவப் படிப்புல 7.5 சத ஒதுக்கீடு 6-லிருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்குத்தான், அரசு உதவி பெறும் பள்ளிக்குக் கெடையாது. காலேஜ் போறப்ப மாசம் 1,000 குடுக்கற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் ரெண்டுக்கும் உதவி பெறும் பள்ளியில தமிழ் வழி படிச்சவங்களும் வரலாம். நடுவுல ஒரு வருசம் தனியாருக்கு மாத்திட்டுத் திரும்பிக் கூட்டிட்டு வந்தாலும் அந்த உரிமை போயிரும்.

நொய்யல்கரை:
எல்லாருக்கும் நன்றிங்க. வெள்ளிக்கிழமைக்கு 31 பேர் லிஸ்ட், ரெண்டு நிமிச வாசிப்பு, 402 கழித்தல், டீச்சர் இருந்த நாள் நோட்டு, கழிப்பறைக் குழாய், இவ்வளவையும் எழுதிக்கிட்டேன். கடைசியா ஒண்ணு. ஊர்க்காரங்க சேர்ந்து காசு போட்டு ஒரு டீச்சர் வெச்சுக்கலாம்னு ஒரு பேச்சு இருக்குது. செய்யலாங்களா?

ஈராசிரியர்:
செய்யலாங்க அக்கா, நாலு விசயம் கவனிச்சுட்டுச் செய்யுங்க. முதல்ல தீர்மானப் புத்தகத்துல எழுதி, பணம் குழுவோட வங்கிக் கணக்கு வழியாத்தான் போகணும். தலைவரும் தலைமையாசிரியரும் சேர்ந்து கையெழுத்துப் போடற கணக்கு அது. கையில வாங்கிக் கையில குடுத்தா ஆறு மாசத்துல சண்டை வரும். ரெண்டாவது, ஜூன்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் பதினோரு மாசச் சம்பளம் கையில சேர்ந்ததுக்கப்புறம் ஆளை வைங்க. மாசா மாசம் வசூல்னு ஆரம்பிச்சா மழைக்காலத்துல நின்னு போகும், நடு வருசத்துல டீச்சர் போனா பிள்ளைங்களுக்கு ஆள் இல்லாததைவிட மோசம். அளவு வேணும்னா, 2022-ல அரசு மேலாண்மைக் குழு வழியாத் தற்காலிக இடைநிலை ஆசிரியருக்குக் குடுத்தது மாசம் 7,500 ரூபாய்.

மூணாவது, வர்ற புது ஆள்கிட்ட ஒண்ணாம் வகுப்பைத் தூக்கிக் குடுக்காதீங்க. எழுத்து ஆரம்பிச்சு வைக்கறதுதான் இருக்கறதுலயே நுணுக்கமான வேலை, அது பயிற்சி எடுத்த டீச்சர்கிட்டயே இருக்கட்டும். புது ஆளுக்குச் சோடி வாசிப்பு, இங்கிலீஷ் பேச்சு, நாலு அஞ்சாவதுக்குக் கணக்குப் பயிற்சி.

நாலாவது, அவங்களை எமிஸ் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெச்சுட்டா ஊர்க் காசு வீண். வேலை என்னன்னு தீர்மானத்துலயே எழுதிருங்க: காலை 9.30-ல இருந்து 12.30 வரைக்கும் பிள்ளைங்களோட மட்டும்னு.